இரண்டு பேர் படுக்கும் கூடாரம்

அந்தக் கூடாரத்தை முதல் தடவை பார்த்தபோதே கிழித்துப் போட வேண்டும் போல இருந்தது எனக்கு. இதை எழுத வெட்கப்படவில்லை. ஒரு சுரைக்காய் அளவுகூட இல்லாத நீலப் பை. கூடாரத் துணி, கம்பி, முளை, கயிறு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். சைதாப்பேட்டை மார்க்கெட் ஓரத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தோம். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. என் கூடாரம் நாலரை கிலோ.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் சைதாப்பேட்டையில் ஒரு சைக்கிள் உதிரிபாகக் கடையில் கவுன்ட்டரில் நின்றுகொண்டிருந்தேன். என் கூட்டாளி தி. நகரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான். லீவு கிடைத்தால் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் ஊரை விட்டு வெளியே போவோம். தார் ரோட்டில் போக மாட்டோம். லாரிக்காரன் ஓரம் கட்டுவான், புகை அடிக்கும், பார்க்கவும் ஒன்றும் இருக்காது. கால்வாய்க் கரை, சவுக்குத் தோப்பு, ஏரிக்கரை, மாட்டு வண்டித் தடம், இப்படித்தான் எங்கள் பாதை. செங்கல்பட்டு ஜில்லாவில் ஏரிக்குப் பஞ்சமே இல்லை. ஒரு ஏரியின் கரையில் ஏறினால் அது முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால் இருக்கும், அந்த வாய்க்கால் அடுத்த ஏரிக்குக் கொண்டுபோய் விடும். இப்படியே கரை விட்டுக் கரை மாறி நாள் முழுக்கப் போகலாம். இதைக் கண்டுபிடித்தது நான். யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் சைக்கிள் சாதாரணக் கறுப்பு சைக்கிள்தான். மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். பின் சக்கரத்துக்கு லோடு சைக்கிள் டயர் போட்டோம். மணல் மூட்டையையே தாங்குகிற டயர், எங்களைத் தாங்காதா?

கூடாரம் குடைத் துணி. ராயப்பேட்டையில் ஒரு குடை ரிப்பேர் பாய் இருந்தார். கம்பி ஒடிந்த குடைகளின் துணியைக் கட்டாகக் கொடுத்தார். அவர் வீட்டம்மாதான் மெஷினில் தைத்துக் கொடுத்தார். முக்கோணம் முக்கோணமாக எல்லாம் கறுப்பு, நடுவில் ஒரே ஒரு துண்டு மட்டும் ரோஜாப்பூ போட்ட லேடீஸ் குடைத் துணி. தைத்து முடித்து விரித்துப் பார்த்துவிட்டு அந்தம்மா, "இதுக்குள்ள யாரு படுக்கறது, நீங்களா உங்க சைக்கிளா?" என்று கேட்டார். குடைக் கம்பியை வளைத்து முளை செய்துகொண்டேன். கூடாரக் கால் என்று தனியாக எதையும் தூக்கவில்லை. இரண்டு சைக்கிளையும் தலைகீழாக நிறுத்தி, நடுவில் துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கட்டி, அதன்மேல் துணியைப் போடுவோம். கீழே விரிக்க உர சாக்கு. போர்த்திக்கொள்ள லுங்கி. அடுப்பு, பால் டின்னில் ஓட்டை போட்டு ஸ்பிரிட் ஊற்றி எரிக்கிறது. ஒரு டம்ளர் ஸ்பிரிட்டில் மூன்று பேருக்கு உப்புமா கிண்டிவிடலாம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லா மூட்டையையும் பழைய பேப்பர் கடைத் தராசில் போடுவோம். ஆளுக்கு எட்டு கிலோ. அதற்கு மேலே போனால் எல்லாருடைய தண்ணீர் கேனையும் அவன்தான் சுமக்க வேண்டும். கூடாரத்தை அதில் படுக்கிறவர்கள் பிரித்துத் தூக்க வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் நான் போட்டது. கடைக்காரர் ஒவ்வொரு தடவையும், "இன்னா நைனா, உங்களையும் சேத்து எடை போட்டுரவா? எலும்புக்கு நல்ல ரேட்டு கீது" என்பார்.

இரண்டு பேராக இருந்தவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் கூட்டாளி என் கடைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"மச்சி, இன்னிக்கு ஒருத்தரு ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு. அமெரிக்கா புக்கு. உள்ள பூரா சைக்கிள்ல போயி டேரா போடற மேட்டரு. நம்மள மாரியே கீறானுங்கடா அங்க!"

"இருந்துட்டுப் போறானுங்க."

"அவரு அண்ணன் அங்க கீறாராம். சைக்கிளு, டென்டு எல்லாம் அனுப்பிக்கிறாரு. இவருக்கு எங்க போறதுன்னு தெரில. நம்ம கூட வரேன்றாரு."

"நம்ம கூடன்னா?"

"உன்னப் பத்திச் சொன்னேன் மச்சி. வழி பூரா அவனுக்கு அத்துப்படின்னு சொன்னேன்."

வந்தவன் மயிலாப்பூர்க்காரன். குளத்துப் பக்கம் வீடு, பாங்க் உத்தியோகம், எங்கள் வயசுதான். என்னைப் பார்த்ததும் கை கொடுத்து, "உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கார். நான் ஆத்துல சும்மாதான் இதையெல்லாம் வெச்சுண்டு பாத்துண்டிருந்தேன்" என்றான். ஒரு அகம்பாவமும் இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் அன்றைக்கே துரத்தியிருப்பேன். அவன் சைக்கிளில் பதினெட்டு கியர். நான் நாள் முழுக்க சைக்கிள் சாமான் விற்கிறவன், அந்த மாதிரி கியரைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். கூட்டாளி குழந்தையைத் தொடுகிற மாதிரி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

முதல் வாரம் கூட்டாளிக்கு அவன் "வரேன்றாரு". அடுத்த வாரம் "வரேன்றான்". மூன்றாவது வாரம் அவனையும் மச்சி என்றான்.

ஜனவரி கடைசியில் மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு வந்தது. அந்தத் தடவை போக நான் ஒரு புது வழி வைத்திருந்தேன். திருவான்மியூரில் கால்வாய்க் கரை ஏறி முட்டுக்காடு, கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில் முதல் ராத்திரி. மறுநாள் மேற்கே திரும்பி ஏரிக்கரை ஏரிக்கரையாகச் செங்கல்பட்டு. அங்கிருந்து ரயிலில் வீடு. கூட்டாளிக்கு ஞாயிற்றுக்கிழமையும் கடை இருந்த மூன்று மாதத்தில் நான் தனியாக அலைந்து பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வைத்த வழி. எந்த மதகில் இறங்க வேண்டும், எங்கே கரை உடைந்திருக்கிறது, எங்கே அடி பம்பு, எங்கே டீ, எல்லாம் அதில் இருந்தது. அந்த வழியைக் கூட்டாளிக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தேன். அவனுக்கு மட்டும்.

எடை போடுகிற அன்று மயிலாப்பூர்க்காரன் மூட்டை எட்டே முக்கால் கிலோ. எனக்கு ஒரே சந்தோஷம்.

"சட்டம் சட்டம்தான். தண்ணி உங்க தலையில" என்றேன்.

கூட்டாளி குறுக்கே வந்தான். "கூடாரத்தப் பிரிச்சிக்கலாம் மச்சி. கம்பி, முளை எங்கிட்ட. துணி இவங்கிட்ட. ரெண்டு பேரு படுக்கற டென்டு, ரெண்டு பேரு தூக்கறோம். உன் ரூலுதானே?"

ஆமாம், என் ரூல்தான். கம்பி போனதும் அவன் மூட்டை எட்டுக்குள் வந்துவிட்டது. கூட்டாளி எங்கே படுக்கப் போகிறான் என்பதும் தராசிலேயே முடிவாகிவிட்டது.

மயிலாப்பூர்க்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் இதுலயே படுத்துக்கலாமே. கொஞ்சம் நெருக்கிண்டா மூணு பேர் தாராளமா..." என்றான்.

"எனக்குன்னு ஒண்ணு இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். கால்வாய்க் கரையில் எருமை மிதித்த குழி, அது தாண்டினால் சீமைக் கருவேல முள். எனக்கு இரண்டு பஞ்சர். கூட்டாளிக்கு ஒன்று. மயிலாப்பூர்க்காரனுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தடித்த டயர் முள்ளை மென்று துப்பிக்கொண்டு போனது. நான் ஒட்டுப் போடும்போது அவன் முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு பம்பை எடுத்து நீட்டினான். நான் வாங்கவில்லை. என்னுடைய பெரிய பம்பில் அடித்தேன். மூச்சு வாங்கியது. கூட்டாளி அந்தக் குட்டிப் பம்பை வாங்கித் தன் டயருக்கு அடித்துக்கொண்டான். "சோக்கா கீது மச்சி" என்றான். எங்கள் இரண்டு பேரில் யாரை மச்சி என்றான் என்று நான் கேட்கவில்லை.

சவுக்குத் தோப்பில் காவல்காரரிடம் கேட்டுக்கொண்டு இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. அங்கே எனக்கு ஒரு நல்ல அரைமணி நேரம் கிடைத்தது. மயிலாப்பூர்க்காரன் ஒரு அடுப்பை வெளியே எடுத்தான். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். பளபளவென்று இருந்தது. எடுத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"பத்த வையுங்க" என்றேன்.

"இதுக்கு ஒரு காஸ் சிலிண்டர் வேணும். ப்ளேன்ல அனுப்ப மாட்டாளாம். இங்க எங்கயும் கிடைக்கலை."

"அப்பறம் எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"பாக்க நன்னாயிருந்துதா, அதான்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். என் பால் டின் அடுப்பில்தான் மூன்று பேருக்கும் உப்புமா வெந்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு என் சந்தோஷத்தைப் பாதியாக்கிவிட்டது.

கூடாரத்தை ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் என்னுடையதைக் கட்டக் கூட்டாளியின் சைக்கிளைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. "எடுத்துக்கோ மச்சி, இதுக்கு எதுக்குக் கேக்கற?" என்றான். அவர்கள் உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடினார்கள். பனி பெய்கிற நாட்டுக்குத் தைத்த கூடாரம் அது. கடற்கரைப் புழுக்கத்தில் உள்ளே அடைந்தால் இட்லிப் பானைதான். சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கொஞ்ச நேரத்திலேயே இரண்டு பேரும் வேர்த்து வழிய வெளியே வந்தார்கள். எனக்குக் குளிர்ந்து போனது மனசு. இனி கூட்டாளி நம் பக்கம் வருவான், இரண்டு பக்கமும் திறந்த கூடாரம், காற்று பிய்த்துக்கொண்டு போகிறது என்று உர சாக்கில் ஓரமாக நகர்ந்து படுத்தேன்.

வரவில்லை. மணலிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். என்னவோ பேசிப் பேசிச் சிரித்தார்கள். கூடாரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காலையில் மூட்டை கட்டும்போது மயிலாப்பூர்க்காரன் தன் ஹேண்டில் பாரில் ஒரு அட்டையைக் கட்டினான். லேமினேஷன் செய்த அட்டை. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். என் கையெழுத்து. என் நோட்டின் பக்கங்கள், சின்னதாக்கி எடுத்த ஜெராக்ஸ். டீ சிந்திய கறைகூட அப்படியே விழுந்திருந்தது.

"இது எப்படி உங்ககிட்ட?"

அவன் கூட்டாளியைப் பார்த்தான். கூட்டாளி சாதாரணமாகச் சொன்னான்: "நாந்தான் மச்சி எடுத்தேன். எடை போட்ட அன்னிக்கு உன் பையில இருந்துச்சு, கெளம்பறப்ப திரும்ப வெச்சிட்டேன். எட்டுப் பக்கம்தான். நீ எப்பவும் முன்னாடி போயிடற, பின்னாடி வர்றவனுக்கு எங்க திரும்பறதுன்னு தெரிய வேணாமா?"

"என் நோட்ட என்னைக் கேக்காம எடுப்பியா?"

"உன் நோட்டா? நம்ம நோட்டுன்னு இல்ல நெனச்சிகினு கீறேன்!"

"நீயாடா அலைஞ்ச? மூணு மாசம் நாயா அலைஞ்சது நானு."

"கூப்புடவேண்டியதுதானே. லீவு போட்டாவது வந்துருப்பேன்."

"சாரி, நான்தான் கேட்டேன். வேணும்னா கழட்டிடறேன்" என்றான் மயிலாப்பூர்க்காரன்.

"வேணாம். வெச்சிக்கங்க. அதப் பாத்தே போங்க. நான் பின்னாடி வரேன்" என்றேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நோட்டில் ஒரு பொய் இருந்தது. கேளம்பாக்கம் தாண்டி உள்ளே வரும் மூன்றாவது ஏரியில், இரண்டாவது மதகு வந்ததும் கரையை விட்டு இறங்கி, ஏரிக்குள் நிற்கும் கருவேல மரக் கூட்டத்தைப் பார்த்து நேராகப் போகவும் என்று எழுதியிருந்தேன். உண்மையில் அங்கே இறங்கவே கூடாது. கரை மேலேயே, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் வரை போக வேண்டும். ஏரிக்குள் மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும், கால் வைத்தால் கீழே களிச்சேறு. நான் முதல் தடவை போனபோது முழங்கால் வரை மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டது. யாராவது நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நான் இல்லாமல் போனால் போகட்டும், அங்கே மாட்டட்டும் என்றுதான் வேண்டுமென்றே மாற்றி எழுதினேன். எனக்குச் சரியான வழி மனப்பாடம். நோட்டு எதற்கு?

அவர்கள் முன்னால் போனார்கள். நான் இடைவெளி விட்டுப் போனேன். முதல் ஏரி, இரண்டாவது ஏரி, வாய்க்கால் மேடு எல்லாம் என் எழுத்துப்படியே சரியாகப் போனார்கள். மூன்றாவது ஏரிக்கரை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. நான் அங்கே நின்றுவிட்டேன். ஒரு டீ சொன்னேன். தூரத்தில் கரை மேலே இரண்டு சைக்கிளும் சின்னதாகத் தெரிந்தன. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

கூப்பிட்டால் பொய் எழுதியதைச் சொல்ல வேண்டும். கூப்பிடாவிட்டால் மாட்டுவார்கள். மாட்டட்டும் என்று நினைத்தேன். அந்தப் பதினெட்டு கியரும் களிச்சேற்றில் முங்கட்டும். கூட்டாளி தன் சாதா சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இவனை நம்பி வந்தது என் தப்பு என்று என்னிடம் திரும்பி வரட்டும். இதை நினைத்துக்கொண்டே இரண்டாவது டீ சொன்னேன்.

டீக்கடை அம்மா கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். "ஏம்பா, அந்த ரெண்டு பேரு ஏரிக்குள்ள எறங்கறாங்களே, உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"ம்."

"அங்க சேறுப்பா. மாடே எறங்காது."

"தெரியும்" என்றேன்.

அந்தம்மா டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். டீ கிளாஸை என் கையில் கொடுக்காமல் பலகை மேலே வைத்தார். நான் அதைக் குடிக்காமல் கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது மயிலாப்பூர்க்காரனின் சைக்கிள் அச்சு வரை புதைந்திருந்தது. அவன் தொடை வரை. கூட்டாளி தன் சைக்கிளைக் கரையோரம் போட்டுவிட்டு அவனை இழுக்கப் போய், அவனும் மாட்டியிருந்தான். சேற்றுக்குள் கிடந்த கருவேல முள் கூட்டாளியின் பாதத்தில் ஏறி மறுபக்கம் தோலுக்கடியில் தெரிந்தது. நான் நைலான் கயிற்றை மதகுத் தூணில் கட்டி வீசினேன். ஒவ்வொருவராக இழுத்தேன். பிறகு சைக்கிளை இழுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மயிலாப்பூர்க்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"எழுதறச்சே மாத்தி எழுதிட்டேள் போலிருக்கு. பரவால்ல, யாருக்கும் வரதுதானே." சொல்லிவிட்டு சைக்கிளைக் கழுவ வாய்க்காலுக்குப் போனான்.

கூட்டாளி மதகின் மேல் உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு என்னைத் தெரியும். நான் வழியில் தப்பே செய்ய மாட்டேன் என்று தெரியும்.

"தெரிஞ்சே எழுதினியா?"

"ஆமா."

"சரி. கோவம். இவன நான் இட்டாந்தது உனக்குப் பிடிக்கல. அது எனக்குத் தெரியும்." முள்ளைக் கீழே போட்டான். "எப்ப எழுதின? இவன் வந்ததுக்கு அப்பறம்தானே?"

அப்போது ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கெட்ட வார்த்தையில் நாலு திட்டு திட்டிவிட்டு மன்னித்திருப்பான். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கலாம்.

"இல்ல. அதுக்கு முன்னாடி. நவம்பர்ல" என்றேன்.

அவன் விரலை மடக்கிக் கணக்குப் போட்டான்.

"அப்ப நான் ஒருத்தன்தானேடா இருந்தேன்."

நான் நைலான் கயிற்றின் சேற்றை வழித்துச் சுருட்டினேன்.

பாக்கி வழிக்கு அந்த அட்டையை அவர்கள் பார்க்கவில்லை. "நீ முன்னாடி போ" என்றான் கூட்டாளி. போனேன். செங்கல்பட்டு வரை நான்தான் வழிகாட்டி, நான் ஆசைப்பட்ட மாதிரியே. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு பேரும் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்கள். நான் போய், என் சக்கரம் இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மிதித்தார்கள். கரை விட்டுக் கரை, மதகு விட்டு மதகு, அந்தப் பகல் முழுக்க இப்படியே.

ரயிலில் சைக்கிள்களைச் சாமான் பெட்டியில் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தோம். நான் கதவு ஓரம், அவர்கள் எதிரில். சைதாப்பேட்டையில் நான் மட்டும் இறங்க வேண்டும். அவர்கள் மாம்பலம். கூட்டாளி என் சைக்கிளை மேலிருந்து இறக்கிக் கொடுத்தான். பெடல் கதவில் இடிக்காமல் பார்த்து இறக்கினான். வரேன் என்றேன். தலையை ஆட்டினான்.

வண்டி நகர்ந்தபோது திறந்த கதவு வழியாக உள்ளே தெரிந்தது. மயிலாப்பூர்க்காரன் கூட்டாளியின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு சின்ன டப்பாவிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்தான். அமெரிக்க டப்பாவாகத்தான் இருக்கும். என்னவோ சொன்னான். கூட்டாளி அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தான். பிளாட்பாரத்தில் நின்ற எனக்கு நான் செய்த தப்பு நினைவில் வரவில்லை, முள் ஏறிய கால்கூட நினைவில் வரவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான் என்று மட்டும்தான் தோன்றியது.